விருதுநகர் தாண்டினால் அணைகிற விளக்கு

எங்கள் ஊரில் யாராவது கார் வாங்கினால் என்ன விலை, என்ன மைலேஜ் என்று கேட்பார்கள். நாங்கள் வாங்கியபோது அந்த இரண்டையும் விட்டுவிட்டு, "ஏன்?" என்று மட்டும் கேட்டார்கள்.

அது ஐரோப்பாக் கம்பெனி ஒன்றின் சின்ன டீசல் கார். ஏழு வருடம் வேறு ஒருவர் ஓட்டியது. கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். பாவம், அவர்கள் மேல் நான் விட்ட சாபமே இன்னும் ஏழு தலைமுறைக்குத் தாங்கும். எங்கள் விஸ்வநத்தம் தெருவில் அதைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று எதிர்வீட்டுக்காரர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வண்டி லட்சணமாத்தான் இருக்கு. ஒரு போல்ட் வேணும்னா கப்பல்லதான் வரணும்" என்றார். வாயில் என்ன நாக்கோ தெரியவில்லை, சொன்னது அப்படியே பலித்தது.

அந்தக் காரை நான் ஏன் அத்தனை இறுகப் பிடித்துக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்கு சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. தினமும் கிழிக்கிற தேதித் தாளில் நல்ல நேரம், ராகு காலம், சூலம், பரிகாரம், பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு வார்த்தையில் பலன் எல்லாம் இருக்குமே, அத்தனையும் என் கண் பட்டுத்தான் போகும். அந்த வேலைக்குப் பத்தொன்பது வருடம் மினி பஸ்ஸில் போனேன். உட்கார இடம் கிடைத்த நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கம்பியைப் பிடித்துப் பிடித்து என் வலது கை இடது கையைவிட அரை அங்குலம் நீளம் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். நாற்பத்து மூன்று வயதில், இந்தக் காரில்தான் ஓட்டப் பழகினேன். ஸ்டியரிங்கைப் பிடித்து முதல்முறை தனியாக ஊருணிக் கரை வளைவில் திரும்பியபோது வாய்விட்டுச் சிரித்தேன். எதிரே வந்த ஆட்டுக்காரர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். காலையில் ஆலை வேனில் போய்விடுவார். மாலையில் என் வேலை முடிந்ததும் நான் காரை எடுத்துக்கொண்டு வெம்பக்கோட்டை ரோட்டில் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வருவேன். வேன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். கார் ஓட்ட எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கட்டிய புருஷனைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்? நான் போய் கேட் ஓரம் புங்கமரத்தடியில் நிறுத்தினால் வேனில் ஏறுகிற பெண்கள் விடமாட்டார்கள்.

"போர்மேன் அய்யா, டிரைவரு வந்தாச்சு! சம்பளம் எம்புட்டுக் குடுக்கீக?"

அவர் காது மடல் வரைக்கும் சிவந்துபோய் முன்கதவைத் திறந்து ஏறுவார். தலைமுடியில் அலுமினியப் பவுடர் மினுங்கும். பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். அவரிடம் சொன்னதில்லை.

ஆறு மாதம் கார் தங்கமாக ஓடியது. ஏழாவது மாதம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

இந்த மஞ்சள் விளக்கைப் பற்றித் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எஞ்சின் படம் போட்டிருக்கும். என்ன கோளாறு என்று சொல்லாது. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது போலத்தான், நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். விளக்கோடு சேர்ந்து இழுவையும் போனது. திருத்தங்கல் பாலத்தில் ஏறும்போது டிவிஎஸ் ஃபிப்டியில் தண்ணீர்க் குடம் கட்டிக்கொண்டு போனவர் என்னை முந்திக்கொண்டு போனார். போனவர் சும்மா போகாமல் திரும்பிப் பார்த்து அனுதாபமாகத் தலையை ஆட்டினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

உள்ளூர் மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், ஒரு நிமிடம் பார்த்தார், சத்தமில்லாமல் மூடினார்.

"அக்கா, இது கம்ப்யூட்டர் வண்டி. நான் கைவெச்சா நாளைக்கு ஏங்கிட்ட வந்து அழக் கூடாது. மதுரைக்குக் கொண்டு போங்க."

என் வீட்டுக்காரர் லீவு போட்டார். அன்று காலை வழக்கம்போல ஆறு மணிக்கெல்லாம் எழுந்து காரைத் துடைத்தார். அச்சகத்தில் பிழை பார்த்தபின் கழிக்கிற திருத்தப் படித் தாள்களை நான் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவேன். அலமாரியில் விரிக்கவும் அதுதான், கார்க் கண்ணாடி துடைக்கவும் அதுதான். முன்கண்ணாடி, பின்கண்ணாடி எல்லாம் துடைத்துவிட்டுப் பின்பக்கம் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தார். நான் அவசரத்தில் கவனிக்கவில்லை. கிளம்பினோம்.

விருதுநகரில் நிறுத்தி எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டோம். துக்க வீட்டுக்குப் போகிறபோது வழியில் சாப்பிடுகிற மாதிரி மனசில்லாமல் ஆளுக்கு நாலு பரோட்டா. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் விளக்கு எரியவில்லை. நாற்கர ரோட்டில் ஏறினால் வண்டி பறக்கிறது! மதுரை சர்வீஸ் சென்டர் வாசலில் போய் நின்றபோது, அது எங்களைப் பார்த்து, 'எனக்கு ஒண்ணுமில்லையே, எதுக்குக் கூட்டி வந்தீக?' என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அங்கே டை கட்டியவர் ஒரு பெட்டியை மாட்டிப் பார்த்தார். "புகைக் குழாயில் அழுத்தம் அதிகமானதாக வண்டி ஞாபகம் வைத்திருக்கிறது மேடம். இப்போது இல்லை. சென்சார் தப்பாகச் சொல்லியிருக்கலாம்" என்று சொல்லி சென்சாரை மாற்றினார். சுண்டுவிரல் அளவு சாமான். அதன் விலைக்கு எங்கள் தெருவில் ஒரு கறவை ஆட்டைக் குட்டியோடு வாங்கலாம். சந்தோஷமாகத் திரும்பி வந்தோம். நாலாம் நாள் மாலை, தாயில்பட்டியிலிருந்து வருகிற வழியில் மஞ்சள் விளக்கு மறுபடியும் மலர்ந்தது.

இப்படியே மூன்று முறை. இங்கன இருந்தால் நோவு, விருதுநகர் தாண்டினால் சுகம். மதுரைக்காரர்கள் இரண்டாவது தடவை பெரிய சென்சாரை மாற்றினார்கள். கூடவே குழாயையும் கழற்றிக் கழுவினார்கள். மூன்றாவது தடவை ஒரு சாமானையும் மாற்றாமல், 'சாஃப்ட்வேர்' என்று எழுதி ஒரு பில் கொடுத்தார்கள். "கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கும் காசு வாங்குறானே, இவன் நம்மூர்ல சீட்டுக் கம்பெனி வெச்சா அள்ளிருவான்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கானால், கார் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மதுரைக்கு டூர் போவதற்காகப் பாசாங்கு செய்கிறதோ? ஒருநாள் யாரும் பார்க்காதபோது டாஷ்போர்டில் ஓங்கி ஒரு குத்து விட்டு, "ஒழுங்கா இருக்கியா, இல்ல தாயில்பட்டில கல் குவாரி லோடு அடிக்க அனுப்பட்டுமா?" என்று மிரட்டிக்கூடப் பார்த்தேன். என் கைதான் வலித்தது.

மூன்றாவது பில் வந்த ஆவணி மாதத்தில் அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"போதும் புள்ள. தை பொறந்ததும் வித்துருவோம். மச்சான் கேக்காரு. உங்க ஆபீஸ்ல அடுத்த வருசத் தாளு வந்திருக்கும்ல, ஒரு நல்ல நாளாப் பாத்துச் சொல்லு."

"வித்துட்டு வேற காரு வாங்குவோமா?"

"காரே வேண்டாம். உனக்கு மினி பஸ்ஸு இருக்கு, எனக்கு வேன் இருக்கு."

மச்சான் என்றால் அவருடைய அக்கா வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை. சாத்தூரில் சேவுக் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டுக் கார் ஒன்று கடை வாசலில் நிற்க வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை, அதுவும் பாதி விலைக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு வைத்த ரசத்தில் உப்புப் போடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். குடித்ததுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

தையில் நல்ல நாளே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "தையிலயா?" என்று அவர் கேட்ட விதத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வளர்பிறை முகூர்த்த வெள்ளி ஒன்றைச் சொன்னேன். அன்றே மச்சானுக்குப் போன் போட்டு வாக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் அந்த வெள்ளிக்கிழமைத் தாள் கடைசித் திருத்தத்துக்கு என் மேசைக்கு வந்தது. சீசன் நேரம். கீழே மிஷின்கள் ஓடி மேசையே நடுங்கிக்கொண்டிருந்தது. விருச்சிகம் என் வீட்டுக்காரர் ராசி. நேராக அங்கே பார்த்தேன். 'லாபம்' என்று இருந்தது. அதற்கு அடுத்த தனுசுக்கு 'நஷ்டம்'.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் குளித்துவிட்டு வந்து தாளைக் கிழித்து, அன்றைய பலனை வாய்விட்டுப் படிப்பார். முன்கூட்டி மறுநாள் தாளைத் தூக்கிப் பார்க்க மாட்டார், அது ஆகாது என்பார். 'பகை' என்று போட்டிருந்தால் அன்றைக்கு என்னிடம்கூட ஜாக்கிரதையாகப் பேசுவார். 'நஷ்டம்' என்று போட்டிருந்தால் பத்து ரூபாய் நோட்டைக்கூட மாற்ற மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு காரை விற்பாரா?

பத்தொன்பது வருடத்தில் நான் வேண்டுமென்று ஒரு புள்ளியைக்கூடத் தப்பாக விட்டதில்லை. அன்றைக்கு சிவப்புப் பேனாவை எடுத்து 'லாபம்' என்பதையும் 'நஷ்டம்' என்பதையும் வட்டமிட்டு இடம் மாற்றி, அம்புக்குறி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். திதியைத் தொட்டேனா? நட்சத்திரத்தைத் தொட்டேனா? புதிதாக ஒரு கெடுதலை உண்டாக்கினேனா? இருந்ததைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதானே. ஆனாலும் நாடு முழுக்க எத்தனை விருச்சிகக்காரர்கள் அந்த வெள்ளிக்கிழமை என்னால் முகம் வாடப்போகிறார்கள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. நாலைந்து நாளில் சரியாகிவிட்டது.

மார்கழியில் வழக்கம்போல ஆபீஸில் கொடுத்த காலண்டர்களைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன். சாத்தூர் சேவுக் கடைக்கும் ஒன்று. எண்ணெய்ச் சட்டிக்கு மேலே, புகை படுகிற இடத்தில், பக்தியாக மாட்டினார் அந்த அண்ணன். அவர் என்ன ராசி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. என் வீட்டுக்காரர் ஆறு மணிக்கே எழுந்து, விற்கப்போகிற காரைக் கடைசியாக ஒருதரம் துடைத்தார். அடுத்துக் குளித்துவிட்டு வந்து தாளைக் கிழித்தார். நான் அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விருச்சிகம்..." என்றவர் நிறுத்தினார். இன்னொரு தடவை பார்த்தார். "நஷ்டம்."

"அய்யய்யோ!" என்றேன். கொஞ்சம் சத்தமாகிவிட்டது. "இன்னைக்கு வேண்டாமே. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பதில் சொல்வதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாத்தூர் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பணக் கவர், ஒரு கிலோ காரச் சேவு எல்லாம் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பத்து மணிக்கு வர வேண்டியவர் எட்டுக்கே வந்து நிற்கிறார்.

"மாப்ள! தாளைக் கிழிச்சேன், தனுசுக்கு லாபம்னு போட்டிருக்கு! அதான் ஓடியாந்துட்டேன். தங்கச்சி, உங்க காலண்டரு பொய் சொல்லாதும்மா!"

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் புரிந்தது. நான் நகர்த்தி வைத்த லாபம் நேராகப் போய் இந்த மனுஷர் மடியில் உட்கார்ந்திருக்கிறது.

அவர் தாம்பாளத்தை வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் தட்டினார், டயரை உதைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்க் குனிந்தார்.

"மாடு வாங்குனாலும் நான் வாலைத் தூக்கிப் பாத்துத்தான் வாங்குவேன். ஏய், இது என்ன மாப்ள?"

போய்ப் பார்த்தேன். சைலன்சர் வாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்பி வலை மூடி, கிளிப் போட்டு இறுக்கியிருந்தது. வலையின் கண் ஒன்றுகூடத் தெரியாமல் கரி அப்பிக் கிடந்தது. பட்டாசு ஆலைக்குள் போகிற வண்டிகளுக்கெல்லாம் இதை மாட்டுவார்கள், புகையோடு தீப்பொறி வெளியே வந்துவிடாமல் தடுப்பதற்காக. ஆலை வேனில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். என் காரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? காரின் முகத்தைப் பார்ப்போம், பின்பக்கம் குனிந்து பார்க்கிறவர்கள் சேவுக் கடைக்காரர்கள் மட்டும்தான்.

"கிறுக்குப் பயலே மாப்ள!" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "தேய்க்கிற கரண்டில ஓட்டை அடைச்சிருச்சுன்னா சேவு எப்படிய்யா விழும்? வண்டி மூச்சு முட்டிச் செத்திருக்கு! எங்க, ஒரு ஸ்பேனர் கொண்டா."

"எங்க கம்பெனி வேனெல்லாம் இதப் போட்டுக்கிட்டுத்தான ஓடுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது தகரடப்பா, சொரணை கெடையாது. இது வெள்ளைக்காரி. மூக்கைப் பொத்துனா சும்மா இருப்பாளா?"

எனக்கு எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. மதுரைக்குப் போகிற நாளில் காலையில் குனிந்து செய்தது என்ன என்று தெரிந்தது. மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள் என்று கழற்றி வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் மாட்டியிருக்கிறார். மாட்டியதும் அடைத்திருக்கிறது, அடைத்ததும் விளக்கு எரிந்திருக்கிறது. டை கட்டியவரை நான் எத்தனை ஏசியிருப்பேன்! சாஃப்ட்வேர் பில்லுக்கு மட்டும் இன்றைக்கும் மன்னிப்புக் கிடையாது.

வலையைக் கழற்றியதும் அண்ணன் என்னை ஓட்டச் சொன்னார். மூன்று பேரும் சாத்தூர் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். பாதி வழியிலேயே வண்டி பழையபடி சீறியது. திரும்புவதற்குள் மஞ்சள் விளக்கு போன இடம் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. கார் பிழைத்துவிட்டது, ஆனால் பிழைத்தது எனக்காக இல்லை. அண்ணனுக்குப் பின்சீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "லாபம்னா இப்படில்ல இருக்கணும்! நோக்காட்டு மாட்டு வெலைக்குப் பந்தயக் காளை!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

வீட்டில் இறங்கியதும், "அண்ணே, இனி இத விக்க வேண்டாம்னு பாக்கோம்" என்று மெல்லச் சொன்னேன்.

"அதெப்படித் தங்கச்சி? வாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல. மாப்ள, ஆவணியிலயே சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்" என்றார் என் வீட்டுக்காரர். வாக்குத் தவறாத மனுஷரைக் கட்டிக்கொண்டால் இதுதான் கஷ்டம். அண்ணன் தாம்பாளத்தைத் தூக்கி நீட்டினார். இவர் கையை நீட்டப் போனார். திங்கட்கிழமை மினி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என் கை என் கண்ணுக்குத் தெரிந்தது.

"அண்ணே," என்றேன், "அந்த லாபம் உங்களுது இல்ல."

"என்னது?"

"தனுசுக்கு நஷ்டம்னுதான் வந்துச்சு. நாந்தான் மாத்துனேன். இவுக விக்கக் கூடாதுன்னு விருச்சிகத்துக்கு நஷ்டத்தைப் போட்டு, உங்களுக்கு லாபத்தைத் தள்ளிவிட்டேன்."

அண்ணன் தாம்பாளத்தை அப்படியே கீழே வைத்தார். சேவுப் பொட்டலம் சரிந்தது. அவர் முகத்தில் பயம் தெரிந்தது, கோபம் அதற்கப்புறம்தான் வந்தது.

"ஏம்மா, உங்க காலண்டர நம்பி நான் ரெண்டு கல்யாணம் பேசி முடிச்சிருக்கேனேம்மா! கடலைப்பருப்பு மூடை வாங்குறதே அதப் பாத்துத்தான! இன்னும் எந்தெந்த நாளை மாத்தி வெச்சிருக்க?"

"இந்த ஒரு நாளுதான் அண்ணே. எங்க குலதெய்வத்து மேல சத்தியமா."

அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பணக் கவரை எடுத்து மடியில் செருகினார். "நஷ்டத்தைத் தெரிஞ்சே வெல குடுத்து வாங்க நான் என்ன கூறுகெட்டவனா?" என்று சொல்லி ஆட்டோவுக்குக் கை காட்டினார். சேவுப் பொட்டலத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார், அவ்வளவு நல்ல மனசு. இன்றைக்கும் மாதம் ஒருமுறையாவது போன் வரும்: "தங்கச்சி, நாளைக்கு தனுசுக்குப் பரிசுன்னு போட்டிருக்கே, இது உன் கைவேலை இல்லியே?"

ஆட்டோ போனதும் நானும் அவரும் மட்டும் நின்றோம். அவர் சட்டைப் பையிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். கார்க் கண்ணாடி துடைத்த கறையோடு அதே வெள்ளிக்கிழமையின் பழைய திருத்தப் படி. விருச்சிகம், லாபம்.

"காலையில கண்ணாடி துடைக்கையில பாத்தேன். அங்கன லாபம், சுவத்துல நஷ்டம். யாரு வேலைன்னு தெரியாதா?"

"தெரிஞ்சும் கையை நீட்டப் போனீகளே!"

"நீ எம்புட்டுத் தூரம் போவன்னு பாத்தேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் ஒரு வார்த்தையத்தான் மாத்துனேன். நீங்க வண்டியோட கழுத்தையே நெரிச்சிருக்கீக! மூணு தடவ மதுரைக்கு அலைஞ்சமே, அப்பல்லாம் வாயில என்ன கொழுக்கட்டையா? எதுக்கு மாட்டுனீக?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"பக்கத்து ஆலையில ஸ்டோர் ரூம் வெடிச்சிச்சே, நெனவிருக்கா? ஆளெல்லாம் வெளிய போனப்புறம், சாயங்காலம்."

நினைவிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அச்சகத்தில் வேலை முடிய நேரமாகி நான் தாமதமாகத்தான் போனேன். அவர் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றுகொண்டிருந்தார், செருப்பில்லாமல். எங்கே செருப்பு என்று கேட்டதற்கு அறுந்துவிட்டது என்றார்.

"நீ வண்டியோட புங்கமரத்தடில நிக்கிற நேரம் அது. சத்தம் கேட்டதும் ஓடியாந்தேன். மரத்தடில நீ இல்ல. தாமதம்னு எனக்கெப்படித் தெரியும்? இருவத்தாறு வருசமா வெடிமருந்துக்குள்ள கெடக்கேன், எனக்காக ஒரு நாளும் பயந்ததில்ல. மறுநாளுதான் அந்த வலைய மாட்டுனேன். அதுவும் மனசு கேக்கல. அதான் வித்துரலாம்னு..."

"அப்ப செலவு செலவுன்னு சொன்னதெல்லாம்?"

"செலவுந்தான்."

"வராதன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா கேப்பியா?" என்றார். கேட்டிருக்க மாட்டேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ வந்து நிக்கிறது நல்லாவும் இருந்துச்சு" என்றார். இருபது வருடக் குடித்தனத்தில் அந்த மனுஷர் வாயிலிருந்து வந்த ஒரே காதல் வசனம் அது. நான் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தேன். வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் பாதிக் கிலோவைத் தீர்த்தோம்.

கார் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. இந்த வருடம் பிரேக் கட்டை மாற்றினோம், கப்பலில்தான் வந்தது போல, பதினெட்டு நாள் ஆனது. மஞ்சள் விளக்கு மட்டும் அப்புறம் எரியவில்லை. மாலையில் நான் இன்னும் தாயில்பட்டிக்குப் போகிறேன். ஆனால் புங்கமரத்தடிக்குப் போவதில்லை. ஆலைக்கு அரை மைல் முன்னால் பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். வேன் என்னைத் தாண்டிப் போகும்போது பெண்கள் ஜன்னல் வழியாகக் கத்துவார்கள், "டிரைவரம்மா, அய்யா பின்னால நடந்து வாராக!" பங்குனி வெயிலில் ஏசி இல்லாமல் சேலை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் அவர் சின்னதாகத் தெரிவார், பிறகு பெரிதாவார். வந்ததும் முதலில் பின்பக்கம் போய்க் குனிந்து சைலன்சர் வாயைப் பார்ப்பார். அதற்குப் பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்துவார். அவர் சாத்திய பிறகுதான் நான் சாவியைத் திருப்புகிறேன்.